டொய்ங் சத்தத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மாப்பிள்ளை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமாவும் நலம். மாமாவின் வலது முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் ஒரு பேச்சும் மழைக்குப் பின்னால் ஒரு பேச்சும் பேசுகிறது. அங்கே நீங்கள் இருவரும் நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட எனக்கு உடனுக்குடன் தகவல் வந்துவிடுகிறது. இருந்தாலும் கடிதம் என்று எடுத்துவிட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும். நலமா?

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் "மாப்பிள்ளை, ஒரு விஷயம்" என்று வாயைத் திறந்ததுமே நீங்கள் "சொல்லுங்க அத்தை, இதோ அவகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி அவளிடம் கொடுக்க முடியாது. மேலே உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புகார்க் கடிதம் இல்லை. மாப்பிள்ளையிடம் நேராகப் புகார் சொல்கிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது, மகளிடம் சொல்லி அவள் மூலமாகச் சொல்வதுதான் முறை. ஆனால் போன வாரம் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, அவர் கம்ப்யூட்டர்ல ஏதோ பாடம் செய்யறார்மா, வேலை பாக்கறவங்க அதைப் பார்த்துக் கத்துக்கறாங்களாம், இப்போ அதைத் திருத்திக்கிட்டிருக்கார், அதுல வர்ற சத்தத்தையெல்லாம் எடுத்துடப் போறாராம்" என்றாள். எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் அந்தப் பாடத்தைத்தான் எங்கள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பாடம். இத்தனை நாள் யாரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனோ அது நம் வீட்டு மாப்பிள்ளை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் சங்கடம். திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிவிட்டேன். சத்தத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

எங்கள் காப்பகம் உங்களுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை வாசல் வரை வந்து, உள்ளே கேட்ட கூச்சலுக்குப் பயந்து திரும்பிப் போனீர்கள். நிர்வாகி அம்மா, நான், சமையல்காரர், வேன் டிரைவர் என்று ஆள் கம்மி, குழந்தைகள் அதிகம். அங்கே சில மாதத்துக்கு முன்னால் ஒரு நாலு வயதுப் பெண் குழந்தை வந்து சேர்ந்தது. நின்ற இடத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றாத நேரத்தில் பாத்திர மூடியைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் சமையல்காரர் அதற்குப் பம்பரம் என்று பெயர் வைத்தார். பேச்சு கிடையாது. கூப்பிட்டால் திரும்பாது. மற்றக் குழந்தைகள் பந்தைத் துரத்திக்கொண்டிருக்கும்போது இவள் வாசலில் கிடக்கும் செருப்புகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். யாராவது நடுவில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்விட்டால் தெருக்கோடி வரை கேட்கும்படி அழுவாள். நான் குழந்தை வளர்ப்பதில் கொட்டை போட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளை. அவள் என்னை ஒரு அலமாரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அலமாரியையாவது திறந்து மூடுவாள்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லியிருப்பதைச் சேர்த்த அன்றே மறைக்காமல் சொன்னாள். "இதுக்கு முன்னாடி சேர்த்த எடத்துல எல்லாம் 'கொஞ்ச நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க'ன்னு மரியாதையாத்தான் சொன்னாங்க. அந்தக் கொஞ்ச நாள் மட்டும் எங்கயும் வரவே இல்ல" என்றாள். எங்கள் நிர்வாகி அம்மா நல்லவர்தான், ஆனால் பயந்த சுபாவம். தண்ணீர்க் குழாய் சொட்டினால்கூட மேலிடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பார்ப்பவர். மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது: இப்படிப்பட்ட குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அங்கே வேலை செய்கிற எல்லோரும் கம்ப்யூட்டர் பாடத்தை முடித்துத் தேற வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு குழந்தையை அனுப்பிவிட வேண்டும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லும் வேலையை நிர்வாகி என் தலையில் கட்டினார். நான் சொன்னேன். அவள் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளின் செருப்பை அந்த வரிசையில் அதற்குரிய இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனாள். அன்று நான் வீட்டுக்கு வந்து மாமாவிடம் சும்மா சண்டை போட்டேன்.

கம்ப்யூட்டரை மெத்தைகள் அடுக்கி வைக்கும் அறையில் வைத்தார்கள். வேறெங்கும் பிளக் இல்லை. மதியம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில்தான் படிக்க முடியும். அந்த நேரத்தில் எங்களுக்கும் தூக்கம் வரும், சுற்றி முழுக்க மெத்தை வேறு. வேன் டிரைவர் முதல் பாடத்தைத் தாண்டவே இல்லை. உங்கள் பாடத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அவர் நின்றுகொண்டே தூங்கக்கூடியவர், வண்டி ஓட்டும்போது மட்டும் விழித்திருப்பார் என்று நம்புகிறோம்.

பொத்தானை அழுத்தியதும் நீலச் சட்டை போட்ட உங்கள் பொம்மைப் பெண் வந்து கண்ணை இமைக்காமல் "வணக்கம், பராமரிப்பாளரே! மதியிறுக்கம் பற்றி அறிந்துகொள்ள ஆயத்தமா?" என்று கேட்டாள். எங்களில் யாருக்கும் அந்த வார்த்தை புரியவில்லை. சமையல்காரர், "அது வயித்துக் கோளாறுங்க, நான் பாத்துக்கறேன், பழம் நிறையக் குடுக்கணும்" என்றார். டிரைவர் விழித்துக்கொண்டு, "இறுக்கம்னா எனக்குத்தாங்கக்கா இருக்கு, எங்க மாமியார் வந்து ஒரு மாசமா போகவே இல்ல" என்றார். இதை இங்கே எழுதியதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை, நடந்ததை எழுதுகிறேன். ஆட்டிசம் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயரையும் அந்தப் பொம்மை கூடவே சொல்லியிருந்தால் அன்று மதியம் எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வளவு பழம் கொடுத்திருக்க மாட்டோம். மறுநாள் அதன் விளைவைச் சுத்தம் செய்தது நான்.

ஆனாலும் மாப்பிள்ளை, பாடத்தில் விஷயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நீளமாகப் பேசாதே, சுருக்கமாகச் சொல். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று படம் காட்டிச் சொல். பெயரைச் சொல்லிக் கத்தாதே, பக்கத்தில் போய் உட்கார். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதே. எல்லாம் நல்ல விஷயம்தான். எங்களுக்குத்தான் அளவு தெரியவில்லை. சுருக்கமாகப் பேசு என்று படித்த நாளிலிருந்து நிர்வாகி அம்மா எல்லோரிடமும் சுருக்கமாகப் பேச ஆரம்பித்தார். காய்கறிக்காரரிடம் "தக்காளி. அழுகல். வேண்டாம்" என்றார். அந்த மனிதர் என்ன தப்பு செய்தோமோ என்று பயந்து, கூடையை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். சமையல்காரர் கரண்டிகளை வரிசையாக மாட்டி வைப்பதைப் பார்த்து டிரைவர், "அக்கா, இவருக்கும் இருக்கு" என்று என் காதில் சொன்னார். டிரைவர் ரோடு மூடியிருந்தால்கூடத் தினமும் அதே வழியில்தான் போவேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்து சமையல்காரர், "இவருக்குத்தாங்க இருக்கு" என்றார். நான் வீட்டுக்கு வந்து உங்கள் மாமாவைப் பார்த்தேன்.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் குடும்பத்துக்குள்தானே. கல்யாணமான நாளிலிருந்து அதே நாற்காலி. அதில் விருந்தாளி உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரை எதிரிலேயே நிற்பார், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். சட்டைக் காலரில் இருக்கும் துணிச் சீட்டை வெட்டாமல் போடவே மாட்டார். தெருவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். சரி, எதற்கும் இருக்கட்டும் என்று பாடத்தில் சொன்னபடி அட்டையில் படம் வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினேன்: குளியல், சட்டை, சாப்பாடு, கரண்ட் பில், பகல் தூக்கம். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்டி இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னே எனக்குப் புரியுது" என்றார். கரண்ட் பில்லையும் கட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் பாடத்தில் இன்னொரு பக்கம் இருப்பது தெரிந்தது, "ஒருவருக்கு ஆட்டிசம் உள்ளதா என முடிவு செய்வது உங்கள் பணியன்று, அது மருத்துவரின் பணி" என்று. கீழே ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு அம்புக்குறி வைத்து, அதை அழுத்தினால்தான் அந்தப் பக்கம் வருமாம். அவ்வளவு முக்கியமான விஷயத்தை இவ்வளவு பெரிதாகப் போட வேண்டாமா? அதற்குள் நாங்கள் தபால்காரர் வரைக்கும் முடிவு செய்துவிட்டோம். மாமாவின் படங்களை எடுத்துவிடலாம் என்று போனால், "இருக்கட்டும், ஆட்டிசம் இல்லாதவன் படம் பாக்கக் கூடாதா" என்று தடுத்துவிட்டார்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் மதியம் நான் பாடத்தைத் திறந்தால், வழக்கம்போல உங்கள் பாடம் உடனே வராமல் திரை நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் ஒரு மெத்தை உறையைத் தைத்துவிடலாம். பின்னால் ஏதோ சரசரவென்று கேட்டது. பார்த்தால் பம்பரம். எல்லாக் குழந்தையும் தூங்க, இவள் மட்டும் எழுந்து வந்து, கதவோரம் நின்று அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாடத்தில் சொன்னபடி பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை, மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தாள். வட்டம் நின்று கேள்வி வந்தது. ஒரு குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சரியான விடையை அழுத்தினேன். உடனே உங்கள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கூட்டமே சேர்ந்து கைதட்டியது பாருங்கள், இடி விழுந்த மாதிரி! பம்பரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மெத்தைகளுக்கு நடுவில் புகுந்துவிட்டாள். அதே நேரத்தில் உங்கள் பொம்மைப் பெண், "அதிகச் சத்தம் இக்குழந்தைகளுக்குத் துன்பம் தரும் என்பதை நினைவில் கொள்க" என்று அதே சத்தத்தில் முழங்குகிறாள். தூங்கிக்கொண்டிருந்த அத்தனை குழந்தையும் எழுந்துகொண்டது. நல்லவேளை நீங்கள் பக்கத்தில் இல்லை, மாப்பிள்ளை. இருந்திருந்தால் நான் மரியாதை தவறியிருப்பேன்.

மறுநாள் அவள் மறுபடியும் வட்டத்துக்காக வந்தாள். கைதட்டல் வந்துவிடக்கூடாதே என்ற பதற்றத்தில் என் கை தவறித் தப்பான விடையில் பட்டுவிட்டது. டொய்ங் என்றது. பெரிய ரப்பர் பந்து ஒன்று கிணற்றுக்குள் விழுந்து யோசித்த மாதிரி ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து பொம்மைப் பெண் மெதுவான குரலில், "தங்கள் விடை தவறு. மீண்டும் முயல்க" என்றாள். பம்பரம் சிரித்தாள். மாப்பிள்ளை, அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கையிரண்டையும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு குதித்துச் சிரித்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையைக் கொண்டுபோய் மவுஸ் மேல் வைத்தாள். அலமாரியாக இருந்தவள் ஒரு நொடியில் மனுஷியாகிவிட்டேன். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். அடுத்த கேள்விக்கும் வேண்டுமென்றே தப்பாக அழுத்தினேன். டொய்ங். அதற்கடுத்ததற்கும் டொய்ங். அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இந்தச் சேதி சமையலறைக்குப் போனது. சமையல்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, "நகருங்கக்கா, நான் இயற்கையாவே தப்பாத்தான் போடுவேன்" என்று உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு, எந்தக் கேள்விக்கும் "மேற்கூறிய அனைத்தும்" என்பதைத்தான் அழுத்துவார். டொய்ங், டொய்ங், டொய்ங். பம்பரம் அவர் தோளைத் தொட்டாள். அவ்வளவு பெரிய மனிதர் வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிர்வாகி அம்மாகூடக் கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "ஒரே ஒரு தடவை" என்று சொல்லிவிட்டு நாலைந்து தடவை அழுத்தினார். டிரைவர் மட்டும் தப்பாக அழுத்தப் போய்த் தூக்கக் கலக்கத்தில் சரியானதை அழுத்திவிட்டார். எல்லோரும் சேர்ந்து அவரைக் கடிந்துகொண்டோம்.

நாங்கள் இப்படி ஆனந்தமாகத் தப்புப் போட்டுக்கொண்டிருக்க, அந்த மதிப்பெண் எல்லாம் நேராக மேலிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. நீங்களாவது ஓரமாக ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். பாடம் எடுத்த காப்பகங்களிலேயே எங்களுடையதுதான் கடைசியாம். படிக்கப் படிக்கக் குறைந்துகொண்டே போகிற மதிப்பெண்ணை அவர்கள் இதுவரை பார்த்ததே இல்லையாம். என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க ஒரு அதிகாரி அம்மா மாதக் கடைசியில் வந்து நின்றார். நிர்வாகிக்குக் கை கால் ஓடவில்லை. வரவேற்கிறேன் என்று போய், "வணக்கம். உட்காருங்க. தண்ணி. குடிங்க" என்றார். அதிகாரி அம்மா ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுக் குடித்தார். அதே நேரத்தில் பம்பரத்தின் அம்மாவும் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து நேராக வந்து, முடிவைத் தெரிந்துகொண்டு போகலாம் என்று அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"என் எதிர்லயே பரீட்சை எழுதுங்க" என்றார் அதிகாரி. நான் உட்கார்ந்தேன். வட்டம் சுற்றியதும் பம்பரம் வழக்கம்போல வந்து என்னை ஒட்டி நின்றாள். முதல் கேள்விக்குச் சரியாக அழுத்தினேன், இன்று தேறித்தானே ஆக வேண்டும். கைதட்டல் இடித்தது. குழந்தை வீறிட்டுக்கொண்டு மெத்தைக் குவியலுக்குள் போய்விட்டாள். வாசலில் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "மறுபடியும் இங்கேயும் அதே கதைதான்" என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. இரண்டாவது கேள்வி வந்தது. விடை எனக்கு நன்றாகத் தெரியும். சரியாகப் போட்டால் குழந்தை இன்னும் உள்ளே போவாள், தப்பாகப் போட்டால் வெளியே வருவாள், ஆனால் காப்பகத்தை விட்டே போவாள். என் வாழ்க்கையில் இப்படி ஒரு பரீட்சை நான் எழுதியதில்லை. ஆனது ஆகட்டும் என்று தப்பானதை அழுத்தினேன். டொய்ங். மெத்தைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இது சரின்னு நினைக்கிறீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. தப்புன்னு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுமா அழுத்தினீங்க?"

"ஆமாங்க. சரியா அழுத்தினா கைதட்டுது. கைதட்டினா பிள்ளை ஒளிஞ்சுக்குது. தப்பா அழுத்தினா சிரிக்குது. நாங்க நாலு பேரும் இவ சிரிக்கறதுக்காகத்தான் ஃபெயில் ஆகிட்டிருக்கோம்."

சமையல்காரர் பின்னாலிருந்து, "நான் மட்டும் நெஜமாவே ஃபெயிலுங்க" என்று குறுக்கே விழுந்தார்.

அதிகாரி எழுந்து வந்தார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரின் சின்னத் திருகைத் தொட்டு, "சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கலாமே" என்று ஒரு திருப்பு திருப்பினார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு திருகு இருப்பதையே பார்த்தவர் யாரும் இல்லை. டிரைவர் அதில்தான் தினமும் தன் தொப்பியை மாட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்ன, சத்தமில்லாமல் மளமளவென்று சரியான விடைகளாகப் போட்டுக்கொண்டு வந்தேன். பம்பரம் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். நின்றவள் திரையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என் கையைப் பிடித்து மவுஸ் மேல் அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் அழுத்தினாள். வரவில்லை. உதடு பிதுங்க ஆரம்பித்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, மாப்பிள்ளை. அதிகாரி, நிர்வாகி, வாசலில் ஒரு தாய், இவ்வளவு பேருக்கு நடுவில், மருமகன் எடுத்தவள் நான், வாயைக் குவித்து "டொய்ங்" என்றேன்.

குழந்தை சட்டென்று திரும்பி என் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று பாடத்தில் இருக்கிறது, நான் வற்புறுத்தவில்லை, அவளாகத்தான் பார்த்தாள், அதுவும் வாயைத்தான். சத்தம் எங்கேயிருந்து வந்தது என்று என் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் மறுபடியும் "டொய்ங்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அதிகாரி தன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து, "இந்தக் குழந்தைக்குப் பேச்சு வராதுன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார்.

பம்பரம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மணி மாதிரிக் குரலில், "தங்கள் விடை தவறு. மீண்டும் முயல்க" என்றாள்.

வாசலில் நின்ற அம்மா, "என்ன சொன்னா? என்ன சொன்னா இவ?" என்று உள்ளே வந்துவிட்டாள். நிர்வாகி அம்மா நடுங்கிக்கொண்டே, "ஆபீசர் அம்மா சொன்னது தப்புன்னு சொல்றா" என்றார். அந்தப் பெண் அப்படியே மெத்தை மேல் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நாலு வருஷமா அம்மான்னு ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கேன், முயல்கன்னு சொல்றாளே" என்றாள். அதிகாரி தன் காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினார். "தப்புதாம்மா, ஒத்துக்கறேன்" என்றார் குழந்தையிடம்.

அன்று மற்றவர்களும் எழுத, நாங்கள் தேறிவிட்டோம். டிரைவரைத் தவிர, அவர் பரீட்சை நடுவில் தூங்கிவிட்டதால் அவருக்கு மட்டும் மறுபடியும் ஒரு வாய்ப்பு. சமையல்காரர் தன் கொள்கையைக் கைவிட்டு ஜெயித்தார், இன்னும் அந்த வருத்தம் அவருக்கு இருக்கிறது. குழந்தை எங்களுடனேயே இருக்கலாம் என்று எழுத்திலேயே வந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் பிடிக்காதது ஏதாவது நடந்தால் என்ன வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தரையில் புரண்டு அழுவாளே, இப்போது நீலக் குவளைக்குப் பதில் பச்சைக் குவளையில் பால் கொடுத்தால், "தங்கள் விடை தவறு" என்கிறாள். நாங்கள் குவளையை மாற்றுகிறோம். அழுகை இல்லை. அவள் அம்மா வீட்டில் வேறு சட்டையை எடுத்தால், "மீண்டும் முயல்க" என்கிறாளாம். அந்தப் பெண் தினமும் காலையில் அன்றைக்கு என்னென்ன தவறு செய்தாள் என்பதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.

ஆகையால் மாப்பிள்ளை, கைதட்டலை எடுத்துவிடுங்கள், மகராசனாக இருப்பீர்கள். அம்புக்குறியைப் பெரிதாக்குங்கள். அந்தப் பெண்ணை எப்போதாவது கண்ணிமைக்கச் சொல்லுங்கள். டொய்ங் மட்டும் இருக்கட்டும். என்னால் நாள் பூராவும் வாயாலேயே போட முடியவில்லை, தாடை வலிக்கிறது, மாமா வேறு, "என்னடி தூக்கத்துல எல்லாம் கெணத்துல பந்து போடற" என்கிறார்.

நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, சண்டை வந்தாலும் சாப்பாட்டுக்குள் சமாதானமாகி, நீடூழி வாழ வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் என்று சொல்லலாம், ஆனால் வேலையே அதுதான்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். கடிதம் எழுதியிருக்கிறேன் என்றேன், எதைப் பற்றி என்றாள், சொன்னேன். "ஐயோ அம்மா, அந்த ஆட்டிசம் பாடம் வேற யாரோ செஞ்சது! இவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!" என்கிறாள். நீங்கள் செய்தது கடைகளில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கான பாடமாம், புகார் சொல்ல வருகிறவர்கள் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் முகம் சுளிக்காமல் கடைசி வரை கேட்பது எப்படி என்று. இவ்வளவும் எழுதியாகிவிட்டது, கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். இந்த வரி வரைக்கும் படித்திருந்தால், மாப்பிள்ளை, உங்கள் பாடத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள். போனில் "இதோ அவகிட்ட குடுக்கறேன்" என்பதை மட்டும் இனிமேல் நிறுத்திக்கொள்ளவும்.